வெள்ளைப் பெயின்ட் அடித்த கேன்கள்

பாகூர் கடைத்தெருவில் எங்களுக்கு உரக்கடை. கீழே கடை, மேலே வீடு. அந்த வீட்டில் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தவள் நான், தம்பியைக் கட்டிக்கொண்டு வந்தவள் என் ஓரகத்தி. எனக்கு வாய் நீளம். அவளுக்கு வாயே கிடையாது.

செடிப் பைத்தியம் எனக்குத்தான் பிடித்தது. போனில் யாரோ ஒரு பெண் பழைய டப்பாக்களில் செடி வளர்த்துக் காட்டினாள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு வீட்டில் ஒரு பிளாஸ்டிக்கையும் குப்பைக்குப் போக விடவில்லை. பாமாயில் கேன், ஐஸ்கிரீம் டப்பா, தயிர் வாளி எல்லாவற்றையும் வெட்டி, அடியில் ஆணியைக் காய்ச்சி ஓட்டை போட்டு, ஜன்னலோரம் அடுக்கினேன். அதுவும் போதாமல் கடையிலிருந்து மருந்து கேன்களைத் தூக்கிக்கொண்டு வந்தேன். சின்ன விவசாயிகளுக்குச் சில்லறையாக ஊற்றிக் கொடுத்து முடிந்த ஐந்து லிட்டர் கேன்கள். நல்ல கெட்டி. வெந்நீரில் ஊறவைத்து லேபிளை உரித்து, சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, வெள்ளைப் பெயின்ட் அடித்தேன். எட்டு கேனிலும் மணி பிளான்ட். வந்தவர்களெல்லாம் பார்த்து வாயைப் பிளந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஓரகத்திக்கு அப்போதுதான் இரண்டாவது தடவையாகக் கரு கலைந்திருந்தது. ஓய்வாக இரு என்று டாக்டர் சொல்லியிருந்தார். சும்மா உட்கார முடியாமல், காலையில் அரிசி களைந்த தண்ணீரை என் செடிகளுக்கு ஊற்றுவாள். ஊற்றட்டும் என்று நானும் விட்டேன்.

ஒரே மாதத்தில் எட்டும் இலை சுருண்டு, மஞ்சளாகி, அழுகி விழுந்தன. எனக்கு வந்ததே கோபம்!

"இன்னாடி ஊத்தித் தொலைச்ச?" என்று கத்தினேன்.

"அரிசி களைஞ்ச தண்ணிதான்கா. வேற இன்னா ஊத்தப் போறேன்?"

அத்தோடு விட்டிருக்கலாம். விட்டேனா? "உன் கை பட்டா எதுதான்டி உருப்பட்டுது?" என்று கேட்டுவிட்டேன்.

செடியைத்தான் சொன்னேன் என்று எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். பொய். அது எங்கே போய்க் குத்தும் என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். நாலு மாதத்தில் புருஷனும் பெண்டாட்டியும் வில்லியனூரில் வாடகை வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். கொழுந்தன் மட்டும் தினமும் பஸ் பிடித்துக் கடைக்கு வந்துபோனார்.

பாமாயில் கேன் செடிகளுக்கும் அதே தண்ணீரைத்தான் ஊற்றினாள். அவையெல்லாம் தளதளவென்று இருந்தன. அதைக்கூடப் பார்க்காத கண்ணா எனக்கு?

கொஞ்ச நாள் கழித்து அந்த வெள்ளைக் கேன் ஒன்றைக் கடை வாசலில் வைத்து மறுபடி மண் போட்டுக்கொண்டிருந்தேன். சோரியாங்குப்பத்திலிருந்து உரம் வாங்க வந்த விவசாயி ஒருவர் அதன் கைப்பிடியைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார்.

"இன்னாமா, களைக்கொல்லி கேன்லயா செடி வெக்கிறீங்க? கோரையே கருகிப் பூடும், இதெல்லாம் எம்மாத்திரம்? எத்தினி தபா கழுவுனாலும் அந்த மருந்து போவாதே."

எந்த மருந்து எதற்கு என்று ஊருக்கே சொல்கிற கடைக்காரி நான். கூனிக் குறுகிப்போனேன்.

மறுநாளே ஐஸ்கிரீம் டப்பாவில் நன்றாக வளர்ந்திருந்த ஒரு மணி பிளான்ட்டை எடுத்துக்கொண்டு வில்லியனூர் போனேன். உட்காரக்கூட இல்லை, வாசலிலேயே எல்லாவற்றையும் கொட்டினேன்.

"தப்பு என் மேலதான்டி. அந்தக் கேன்ல இருந்த மருந்துதான் செடியக் கொன்னுது. நான் பேசினதுதான் பாவம். மன்னிச்சுடுடி." சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"வுடுக்கா. அதையெல்லாம் யாரு நெனைச்சுக்கினு கீறாங்க?" என்று உள்ளே கூப்பிட்டுக் காபி போட்டுக் கொடுத்தாள். நான் சொன்ன ஊர்க்கதைக்குச் சிரிக்கவும் சிரித்தாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

கிளம்பும்போது டப்பாவை அவளிடம் நீட்டினேன். அவள் கையை நீட்டவில்லை. முந்தானையில் கையைத் துடைத்தபடியே நின்றாள்.

"அப்படி கீழ வெச்சிட்டுப் போக்கா," என்றாள். "அவுரு வந்து தண்ணி ஊத்துவாரு."