பாதி அம்மனுக்கு, பாதி காசியம்மாளுக்கு

வடக்கனந்தலில் எங்கள் தெருவின் கடைசி வீடு காசியம்மாளுடையது. கூலி வேலை இல்லாத நாட்களில் தன் நாலைந்து ஆடுகளை ஏரிக்கரைக்கு ஓட்டிப் போவாள். சொன்ன வாக்கை மாற்றமாட்டாள். அதுவும் மாரியம்மனிடம் சொன்ன வாக்கை.

ஒருமுறை அவளுடைய வெள்ளாடு குட்டி போட முடியாமல் பகல் முழுக்கத் தவித்தது. "தாயே, என் ஆட்டைக் காப்பாத்து. பொறக்கிற வெள்ளாட்டுக் கிடாவைத் தை மாசம் உனக்கே வெட்டிடறேன்" என்று வேண்டிக்கொண்டாள். ஆடு பிழைத்தது. கிடாக்குட்டியும் பிறந்தது. முகம் வெள்ளாடு, முதுகிலோ செம்மறியின் சுருட்டை மயிர், வாலும் அதுபோலவே தொங்கிற்று. பக்கத்துப் பட்டியின் செம்மறிக் கிடா செய்த வேலை என்று தெருவே சிரித்தது.

குட்டி அவள் முந்தானையைக் கவ்விக்கொண்டே வளர்ந்தது. இட ஒதுக்கீடு கேட்டுச் சாலையெல்லாம் மரம் வெட்டிப் போட்டிருந்த சமயம். விழுந்த புளியமரத்தின் மேல் ஏறித் தழை தின்னும். இறங்கிவந்து செம்மறிகளோடு தலைகுனிந்து புல் மேயும். பார்த்துச் சிரிப்பாள். தை மாதம் வெட்டு என்பது நினைவு வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

கால்நடை டாக்டர் கமலா குட்டியைப் பார்த்ததும் ரத்தம் எடுத்தார்.

"உடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத நூலு மாதிரி இருக்கும்மா, குரோமோசோம்னு பேரு. அதை எண்ணினா இது எந்த ஆடுன்னு தெரிஞ்சிடும்."

"மனுசனைச் சாதி சாதியா எண்ணச் சொல்லித்தான் ரோட்ல குந்திக்கினு கீறாங்க. ஆட்டையுமா எண்றீங்க டாக்டரம்மா?"

சோதனைக்கூடத்துக்கு அனுப்பிய அந்த ரத்தம் மறியலில் மாட்டிக் கெட்டுப்போனது. சாலை திறந்த பிறகு மறுபடி எடுத்து அனுப்பினார்.

தையும் வந்தது. காசியம்மாள் குட்டியைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, கோயிலுக்குக் கூட்டி வந்தாள். பூசாரி வேடியப்பன் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். குட்டி உடம்பைக் குலுக்கினால்தான் அம்மன் உத்தரவு. அது குலுக்கவில்லை, மாலையைத் தின்றது.

அந்நேரம் டாக்டர் கடிதத்தோடு வந்தார். "வெள்ளாட்டுக்கு நூலு அறுபது, செம்மறிக்கு அம்பத்துநாலு. இதுக்கு அம்பத்தேழு. ரெண்டுக்கும் நடுவுல."

"வேண்டிக்கினது வெள்ளாடு. இதுல மூணு கம்மி. அம்மன் வாங்கமாட்டா, ஓட்டிக்கினு போ" என்றார் பூசாரி.

காசியம்மாள் அசையவில்லை. "பாதி வெள்ளாடு தானே சாமி? அந்தப் பாதிய அம்மன் கேட்டா இன்னா சொல்றது?"

"ஏம்மா, பாதிய மட்டும் எப்படி வெட்டறது? வாலாண்டையா, தலையாண்டையா?" என்றார் பூசாரி.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பிறகு பூசாரி ஒரு மணியை எடுத்துக் குட்டியின் கழுத்தில் கட்டினார். "உசுரோட இருக்கட்டும். திருவிழான்னா அம்மனுக்கு முன்னால நடக்கட்டும். மத்த நாளு உன் வூட்ல."

அவள் தரையில் விழுந்து கும்பிட்டாள். குட்டி அவள் கொண்டையிலிருந்த பூவைப் பிடுங்கியது.

அந்த மாசித் தேருக்கு மணி குலுங்க முன்னே நடந்தது. தேர் நின்ற இடத்தில் அம்மனின் வேப்பிலைத் தோரணத்தை இழுத்து மென்றது. பூசாரி கத்தினார்: "காசி! எந்தப் பாதி தின்னுது பாரு!"

"தின்ற பாதி அம்மனுது சாமி. அடி வாங்கற பாதிதான் என்னுது" என்றாள் காசியம்மாள், தன் முதுகைக் காட்டிக்கொண்டு.