வள்ளத்தின் அடியில் ஓர் ஊர்

காலையில் பல் விளக்குவதற்கு முன் நாக்கு நுனியால் முன்பல்லை ஒருமுறை தடவிப் பாருங்கள். மெல்லிய சவ்வுபோல ஏதோ ஒன்று, படுக்கப்போகும்போது இல்லாதது, உங்களைக் கேட்காமலே குடிவந்திருக்கும். அது ஓர் ஊர். இதைச் சொன்னால் எல்லாரும் முகத்தைச் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். கிணற்றடிக் கல்லில் உங்கள் கால் வழுக்கியபோது அந்த ஊரின் கூரையில்தான் மிதித்தீர்கள். தண்ணீர்க் குடத்தின் உள்வயிற்றில், குசினிக் குழாயின் தொண்டையில், பழைய பூச்சாடியின் அடியில், எங்கெல்லாம் ஈரம் கொஞ்சநேரம் உட்கார்ந்து மூச்சுவிடுகிறதோ அங்கெல்லாம் அவர்கள் வந்துவிடுவார்கள். எனக்கு அவர்களை முதலில் அறிமுகப்படுத்தியது நெடுந்தீவில் ஒரு வள்ளத்தின் அடி.

எண்பத்து மூன்றாம் ஆண்டின் கடைசியில் நெடுந்தீவுப் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. வேலணைப் பெண்ணான நான், வயிற்றில் இருந்ததையெல்லாம் வழியிலேயே கடலுக்குக் கொடுத்துவிட்டு, வெறும் ஆளாய்ப் போய் இறங்கினேன். தினமும் வந்துபோக ஏலாத தூரம். கடற்கரையோடு ஒட்டிய ஒரு கத்தோலிக்க வீட்டில் அறையொன்று தந்தார்கள். கணவன், மனைவி இருவர்தான். அவரை அண்ணை என்றும் அவரை விடக் குரல் பெரிய மனைவியை அக்கா என்றும் கூப்பிட்டேன்.

அண்ணை கடலுக்குப் போகாத நேரமெல்லாம் யோசிப்பார். யோசனையைக் கடைசிவரை கொண்டுபோகமாட்டார். பாதியில் எழுந்து செய்யப் போய்விடுவார். மீதிப் பாதியை அக்காதான் யோசிக்கவேண்டும்.

அந்த வருடங்களில் அவருடைய யோசனை முழுக்க ஒன்றில்தான் நின்றது. தைமாதத்தில் அவர்களுடைய கோயில் பெருநாள். அன்று காலையில் பாய் விரித்து வள்ளங்கள் போட்டிக்கு ஓடும். முதலாவதாக வருகிற வள்ளத்தில் பின்னேரம் புனிதரின் சுருவத்தை, அதாவது சிலையை, ஏற்றிக் கடலைச் சுற்றிவருவார்கள். மன்றாட்டு மாலை சொல்லுகிற பெண்களும் அதே வள்ளத்தில்தான் ஏறுவார்கள். முன்னெடுத்துச் சொல்லுகிற குரல் அக்காவுடையது. மற்ற வள்ளங்களில் இருப்பவர்கள் மறுமொழி சொல்லிக்கொண்டு பின்னால் வருவார்கள். இதில் ஒரு வில்லங்கம். ஒவ்வொரு பெருநாளிலும் வென்றது அக்காவின் தம்பியுடைய வள்ளம். ஆகவே கலியாணம் முடித்த நாளிலிருந்து, பெருநாளன்று அக்கா தம்பியின் வள்ளத்தில் முன்னால் போவார். அண்ணை எங்கோ பின்னால், காற்றில் பாதி வந்தும் வராமலும் இருக்கும் மனைவியின் குரலுக்குக் காது கொடுத்தபடி போவார்.

"ஒருக்காலெண்டாலும் என்ரை பெண்சாதியைச் சுருவத்தோடை என்ரை வள்ளத்திலை ஏத்திக்கொண்டு போகவேணும், ரீச்சர்" என்றார் ஒரு மத்தியானம்.

குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த அக்காவிடமிருந்து பதில் வந்தது. "வருசத்திலை ஒரு நாள்தான் நான் சொல்லுறதுக்கு இவர் மறுமொழி சொல்லுறவர். அதுவும் எனக்குக் கேக்கிறேல்லை."

தோல்விக்கு அவர் காரணம் தேடாத இடம் இல்லை. பாயின் துணி சரியில்லை என்றார். வாடைக்காற்று மச்சானின் பக்கம் சாய்கிறது என்றார். கடைசியில், "நீர் தம்பிக்காகத்தான் செபிக்கிறீர்" என்று அக்காவைப் பிடித்தார். "காத்தை ஆண்டவர் தாறார், பாயை நீங்கள்தானே பிடிக்கிறியள்?" என்றார் அக்கா.

ஒரு சனிக்கிழமை வள்ளத்தைக் கரையில் ஏற்றி ஒருபக்கம் சாய்த்து வைத்திருந்தார். சும்மா அடிப்பலகையில் கையை வைத்தேன். கை தானாகச் சறுக்கிப் போயிற்று. வெட்டிய வாழைத்தண்டு போல ஒரு வழுவழுப்பு. கைக்கு வழுக்கினாலும், தண்ணீரைப் பிடித்து வைத்து வள்ளத்தின் ஓட்டத்தைக் குறைக்கிற படிவு அது. அண்ணையின் வள்ளம் நிற்பது வீட்டுக்குப் பின்னால், அலையில்லாத சேற்றுக் குடாவில். மச்சானுடையது வெளியே, நீரோட்டம் அறைந்துகொண்டு போகிற வாயில். "மச்சானின்ரை வள்ளத்திலையும் இப்பிடி வழும்பு இருக்கோ, அண்ணை?" என்று கேட்டேன். அவர் பலகையைத் தடவினார். தன் கையைப் பார்த்தார். பிறகு தூரத்தில் மச்சானின் வள்ளத்தைப் பார்த்தார். அவருக்கு ஒரு பகைவன் கிடைத்துவிட்டான்.

பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒரேயொரு நுணுக்குக்காட்டி. அதிபரிடம் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அண்ணையின் சைக்கிள் கரியரில் வந்தேன். முற்றத்தில் வைத்து, வெயிலைச் சின்னக் கண்ணாடியில் பிடித்து, சுரண்டிய வழும்பைத் தண்ணீரில் கரைத்து ஒரு துளி வைத்தேன்.

"என்ன தெரியுது, அண்ணை?"

"என்ரை கண்மயிர்."

"கண்ணைக் கொஞ்சம் விலத்தி வையுங்கோ."

"இப்ப அதுவும் இல்லை. பொறும், பொறும். என்னவோ துடிக்குது. கூனி இறால் மாதிரி. கூனியின்ரை கூனி மாதிரி."

அக்காவும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "இவ்வளவு பேரும் எங்கடை வள்ளத்திலை ஏறிச் சவாரி போகினம். எனக்குத்தான் இடமில்லை."

அன்று நான் அவர்களுக்குச் சொன்னது கொஞ்சம். பிறகு வருடக்கணக்காக வாசித்து வாசித்து வியந்தது கனக்க. இரண்டையும் குழைத்தே சொல்கிறேன். தண்ணீரில் தனியே அலைகிற ஒரு பற்றீரியா பலகையில் முட்டுகிறது. சும்மா தொட்டுப் பார்க்கிறது, வீடு பார்க்க வந்தவர் சுவரைத் தட்டிப் பார்ப்பதுபோல. பிடிக்காவிட்டால் போய்விடும். பிடித்தால் நீந்துகிற வாலைக் கைவிட்டு, உடம்பிலிருந்து பசையைச் சுரந்து அங்கேயே இருந்துவிடும். அந்தப் பசையில் இன்னொன்று, அதன் மேல் வேறு சாதி ஒன்று. ஆட்கள் கூடியதும் கதை தொடங்கும். இரசாயனத் துளிகளைக் கசியவிட்டு, எத்தனை பேர் வந்தாயிற்று என்று ஒருவரையொருவர் விசாரிக்கிற கதை. காணுமான அளவு ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் எல்லாருடைய வேலையும் மாறும். பசை தடிக்கும், அதற்குள் வாய்க்கால்கள் விழும், ஒழுங்கைகள் பிரியும். மேல்தட்டில் இருப்பவர்கள் ஒட்சிசனைக் குடித்துச் சொகுசாகச் சீவிப்பார்கள். அடித்தட்டுக்கு அது வந்துசேராது. அதற்காக அங்கே யாரும் செத்துப்போவதில்லை. மேலே இருந்து வடிகிற கழிவைத் தின்று, கடல்நீரில் கரைந்திருக்கும் சல்பேற்றைக்கொண்டே மூச்சுவிட்டு, கூழ்முட்டை மணத்தை வெளியே அனுப்பிக்கொண்டு நடத்துவார்கள். உப்புக் கூடினால் அதைத் தாங்குவதற்கு உடம்புக்குள் வேறு பொருள் சேர்ப்பார்கள். சாப்பாடு குறைந்தால் அடுப்பைத் தணித்துவிட்டுச் சுருண்டு கிடப்பார்கள். எங்கே கொண்டுபோய் விட்டாலும் வேலணை, நெடுந்தீவு என்று தீவுகளில் பிறந்த தீவார் கடை போட்டுவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தில் எங்களைப் பகிடி பண்ணுவார்கள். பற்றீரியாவும் தீவார்தான்.

அண்ணை எல்லாவற்றையும் கேட்டார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான்.

"உப்பிலை பிறந்தது நல்ல தண்ணியிலை சாகுமோ, ரீச்சர்?"

"கனக்கச் சாகும், அண்ணை. ஆனால்..."

அந்த 'ஆனால்' அவருடைய முதுகில்தான் பட்டது. அவர் எழும்பிப் போய்விட்டார்.

மீதியை அக்காவுக்குத்தான் சொன்னேன். நல்ல தண்ணீருக்கும் அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள், ஒரு ஊர் ஒழிந்தால் அடுத்த ஊர் அதே நிலத்தில் எழும்பும் என்றேன். அக்கா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "இதைப் போய்ச் சொன்னால் நிப்பாட்டுவாரோ? நான் மறிச்சதாலைதான் தோத்ததெண்டு சாகுமட்டும் சொல்லுவார். செய்யட்டும்."

இங்கே அந்தக் கரையின் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். பெருநாளுக்குக் கொடியேறுகிற அன்று சுவாமியார் வந்து வள்ளங்களை மந்திரிப்பார். அதற்கு முன் எவரும் தன் வள்ளத்தை ஏற்றிச் சுரண்டலாம், தேய்க்கலாம். மந்திரித்த பிறகு ஒன்பது நாள் செபமான நவநாள் முடிந்து பெருநாள் வரும்வரை வள்ளம் தண்ணீரிலேயே நிற்கவேண்டும். கரையேற்றக் கூடாது, அடியில் கைவைக்கக் கூடாது. சுரண்டினால் மந்திரிப்பும் சேர்ந்து சுரண்டுப்பட்டுவிடும் என்று நம்பிக்கை. அந்த நாட்களில்தான் பலகைகளில் ஊர்கள் எழும்பும். சேற்றுக் குடாவில் கெதியாக, நீரோட்டத்தில் மெதுவாக.

கொடியேறிய மறுநாள் காலையில் அண்ணையின் வள்ளத்தைக் குடாவில் காணவில்லை. மழைக்காலத்தில் வெள்ளம் நிற்கிற புல்வெளி ஒன்று அங்கே உண்டு, நாங்கள் தரவை என்போம். கடலுக்கும் அதற்கும் இடையில் ஒரு வாய்க்கால். தண்ணீர் ஏறிய நேரம் பார்த்துக் கோல் ஊன்றி, அந்த வாய்க்கால் வழியே வள்ளத்தைத் தரவைக்குள் கொண்டுபோய் விட்டிருந்தார். சுற்றிவரக் கல்வேலி, நடுவில் மழைவெள்ளம், வெள்ளத்தில் வள்ளம், வள்ளத்தைச் சுற்றி ஊரின் மாடுகள் எல்லாம்.

"மந்திரிச்ச வள்ளமல்லோ, அண்ணை?"

"கரையேத்தக் கூடாதெண்டுதான் சொல்லியிருக்கு. குளிக்க வாக்கக் கூடாதெண்டு ஆர் சொன்னது?"

மச்சான் விஷயம் கேள்விப்பட்டு வந்தார். அக்காவை விட இரண்டு வயது இளமை, அண்ணையிடம் மரியாதை குறையாமல் பேசுவார். அந்த மரியாதைதான் அண்ணைக்குப் பொறுக்காது. கல்வேலியில் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"அத்தான், வள்ளத்தை மேய விட்டிருக்கிறியளோ?"

"நீ உன்ரை பாயைப் போய்ப் பார்."

"இல்லை, பால் கறக்கிற நேரத்தைச் சொன்னால் செம்போடை வருவம்."

"பெருநாளிலை பாப்பம்."

"ஓம், அத்தான். நான் திரும்பிப் பாத்துக்கொண்டுதான் போவன்."

மாடுகள் வெள்ளத்துக்குள் நின்று குடித்தன. நின்ற இடத்திலேயே மற்றதையும் செய்தன. வெயில் எறித்தது. ஆழமில்லாத, சூடான, சாணி கரைந்த தண்ணீர். உலகத்துப் பற்றீரியாக்களுக்கெல்லாம் கடிதம் போட்டு அழைத்திருந்தாலும் இதைவிட நல்ல பந்தி போட்டிருக்க ஏலாது. நவநாள் பாதி போனபோது நான் வெள்ளத்துக்குள் இறங்கிப் பக்கப்பலகையைப் பார்த்தேன். தண்ணீர் மட்டத்தில் பச்சை, கீழே போகப்போகக் கபிலம், அடிக்கட்டை சேற்றில் முட்டிய இடத்தில் மைபோல் கறுப்பு. விரல் வைக்காமலே மணம் மூக்கைப் பிடித்தது. அடித்தட்டுக்காரர்களும் வந்து குடியேறிவிட்டார்கள்.

"அண்ணை, வழும்பு முந்தியை விடத் தடிப்பு."

அவர் குனிந்து பார்த்தார். மனம் தளரவில்லை. "அது உப்பு வழும்பு. அது செத்துப்போச்சு. இது நல்லதண்ணி வழும்பு. கடலுக்குள்ளை இறக்கினவுடனை இதுவும் சாகும்."

அந்தத் தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்சநேரம் எடுத்தது. "சாகும், அண்ணை. ஆனால் செத்தாலும் ஒட்டிக்கொண்டுதான் கிடக்கும்."

அவர் முழங்காலளவு தண்ணீரில் அப்படியே நின்றார். ஒரு மாடு வந்து வள்ளத்து விளிம்பில் கழுத்தைச் சொறிந்தது.

"அதை முந்திச் சொல்லியிருக்கலாம், ரீச்சர்."

"சொல்ல வெளிக்கிட்டனான்."

அன்று பின்னேரம் அக்கா சட்டி தேய்க்கிற தேங்காய்ப் பொச்சு நார் ஒன்றை எடுத்து அவர் முன்னால் போட்டார். "உரஞ்சுங்கோவன். ஆர் பாக்கினம்? மாடுகள் சொல்லிக் குடுக்காது."

அண்ணை பொச்சைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் எவ்வளவு ஆசைப்பட்டார் என்பது எனக்குத் தெரியும். பிறகு அதை அடுப்படியில் வைத்துவிட்டு வந்தார். "வெண்டால் பெருநாளண்டு சுருவம் என்ரை வள்ளத்திலையெல்லோ இருக்கப்போகுது. பக்கத்திலை இருந்துகொண்டு புனிதரின்ரை முகத்தைப் பாக்கேலுமோ?"

அக்கா போய் அந்தப் பொச்சாலேயே சட்டி தேய்க்கத் தொடங்கினார்.

பெருநாளன்று காலையில் மச்சான் முதலாவதாக வந்தார். பிறகு மற்றவர்கள் வந்தார்கள். பிறகு பாய் கிழிந்த ஒரு வள்ளம் வந்தது. கரையில் நின்றவர்கள் வெயிலுக்குக் கலைந்து, கொஞ்சப் பேர் சோடா குடிக்கப் போன பிறகு அண்ணை வந்தார். வாடைக்காற்று முழுவதையும் பாயில் பிடித்துக்கொண்டு, தேன்போத்தலுக்குள் விழுந்த எறும்புபோல வந்தார். அவர் வருவதற்கு முன்பே மணம் வந்துவிட்டது. மச்சான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து கயிற்றை வாங்கினார். "களைச்சுப் போனியள், அத்தான். மாடு கட்டி இழுத்திருக்கலாம்."

பின்னேரம் மச்சானின் வள்ளத்தில் சுருவத்தை ஏற்றினார்கள். அக்கா வழக்கம்போலப் பெண்களோடு ஏறினார். அண்ணையின் வள்ளத்தில் ஏற ஒருவரும் வரவில்லை, மணம் அப்படி. வீட்டுக்காரி என்ற முறையில் இல்லாவிட்டாலும் வாடகைக்காரி என்ற முறையில் நான் ஏறினேன். ஊர்வலம் வெளிக்கிட்டது. கொஞ்சத் தூரத்திலேயே நாங்கள் பின்தங்கிவிட்டோம். அக்காவின் குரல் முதலில் சொற்களாக வந்தது, பிறகு இராகமாக மட்டும் வந்தது, பிறகு அதுவும் இல்லை. அண்ணை எதற்கு மறுமொழி சொல்வது என்று தெரியாமல் வாயைத் திறந்து மூடினார்.

முன்னால் வள்ளங்கள் நின்றுவிட்டதைக் கண்டோம். பாய்கள் ஒவ்வொன்றாக இறங்கின. நாங்கள் கிட்டப் போவதற்கு நெடுநேரம் எடுத்தது. அக்கா மன்றாட்டு மாலையைப் பாதியில் நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தார். தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. "ஒராள் மறுமொழி சொல்லேல்லை. அவர் வாறமட்டும் நிண்டு சொல்லுவம்." எங்கள் விளிம்பு அந்த வள்ளத்தின் விளிம்பில் முட்டியது. அக்கா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இந்தப் பக்கம் வைத்தார்.

"அக்கா, சுருவம் இஞ்சையெல்லோ இருக்கு" என்றார் மச்சான்.

"இருக்கட்டும். அவருக்கு எங்கையிருந்து சொன்னாலும் கேக்கும். இவருக்குத்தான் கேக்காது."

அக்கா முழுதாக இந்தப் பக்கம் வந்துவிட்டார். நான் நகர்ந்து இடம் விட்டேன். அவர் மூக்கை ஒருதரம் சுருக்கினார். பிறகு விட்ட இடத்திலிருந்து மன்றாட்டு மாலையை எடுத்தார். அண்ணை சுக்கானைப் பிடித்தபடி மறுமொழி சொன்னார், ஊரிலேயே உரத்த குரலில், சிலவேளை அக்கா சொல்லி முடிப்பதற்கு முன்பே. சொல்பவர் கடைசி வள்ளத்தில் இருந்ததால் அந்தக் குரல் எட்டும் தூரத்துக்குள்ளேயே மற்ற வள்ளங்கள் எல்லாம் நிற்கவேண்டியதாயிற்று. எல்லாரையும் வென்ற மச்சான் புனிதரையும் வைத்துக்கொண்டு, பாயை இறக்கி, கோலால் தள்ளித் தள்ளி, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்.

"அத்தான், கொஞ்சம் கெதியா வாங்கோவன். பொழுது படப்போகுது."

"ஏலாது, மச்சான்" என்றார் அண்ணை. "வள்ளத்திலை சனம் கூடிப்போச்சு."