யார் மேல் வந்த கோபம்?

போன வெள்ளிக்கிழமை, பேகம்பூரில் நண்பர் ஜப்பாரின் கடைக்குப் பிரியாணி சாப்பிடப் போனேன். இலையில் விழுந்தது... பொங்கல்! சீரகச் சம்பா அரிசி அத்தனையும் உடைந்து குழைந்து கிடந்தது.

தம் போட்ட பிறகு மூடியை யாரையும் தொடவே விடாத மனுஷர் அவர். அன்றைக்கு அவரே திறந்து திறந்து கிண்டியிருக்கிறார். பழி மட்டும் மனைவி ஜரினா மேல்.

“அரிசிய ஒழுங்கா ஊற வச்சியா? ஒரு வேலைக்கு லாயக்கு இல்ல!”

கையைக் கழுவிவிட்டு உள்ளே போன ஜரினா, பையோடு வெளியே வந்தார்.

“ஒரு வாரமா இதே ஏச்சுதாண்ணே. என்னால முடியல. பாலசமுத்திரத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போறேன்” என்றார் என்னிடம். வெறும் மிரட்டல் இல்லை என்று குரலிலேயே தெரிந்தது.

ஜப்பாரைத் துருவித் துருவிக் கேட்டதில் விஷயம் வந்தது. அவருடைய அண்ணன் மகளுக்கு நிக்காஹ். ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் சமைக்கிற தம்பியை விட்டுவிட்டு, பிரியாணி வேலையை வெளியூர் ஆளுக்குக் கொடுத்துவிட்டார் அண்ணன்.

அண்ணனை எதிர்த்து வாய் திறக்க முடியுமா? மரியாதை தடுக்கிறது. ஆனால் கோபம் சும்மா இருக்குமா? பக்கத்தில் இருக்கிற, பொறுத்துப் போகிற ஆளாகப் பார்த்து இறங்கிவிட்டது. உளவியலில் இதற்கு ‘டிஸ்ப்ளேஸ்மென்ட்’ என்று பெயர். மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து வீட்டில் பிள்ளையை அதட்டுகிறோமே — அதேதான்!

மேதாவி போல இதை விளக்கினேன். ஜப்பார் தலை குனிந்திருந்தார். ஜரினாதான் பேசினார்.

“இதுக்குப் பேரெல்லாம் வச்சிருக்காங்களா? அப்ப, யாரு மேல கோவமோ அவுககிட்டயே கேக்கச் சொல்லுங்கண்ணே. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு.”

ஜப்பார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

“அண்ணே... பிரியாணிய ஏண்ணே எங்கிட்ட குடுக்கல?” கேட்கும்போதே குரல் உடைந்தது.

ஸ்பீக்கரில் அண்ணன் அதட்டினார். “ஏலே, நீ புள்ளைக்குச் சாச்சா. அன்னைக்கும் அடுப்படியிலயே நிக்கப் போறியா? எம் பக்கத்துல உக்காரணும்னுதான் வெளிய சொன்னேன். இதையா இம்புட்டு நாளா மனசுல வச்சிருந்த?”

ஜப்பாருக்குக் கண் கலங்கிவிட்டது. போனை வைத்துவிட்டு, “உன்னய ஏசினது தப்பு, ஜரினா” என்றார். என்னையும் வைத்துக்கொண்டு! ஜரினா உடனே சிரித்துவிடவில்லை. ஆனால் பை உள்ளே போனது.

நேற்று மறுபடி போனேன். பிரியாணி உதிரி உதிரியாக, பிரமாதம். அப்போது ஜப்பாரின் சத்தம்.

“ஜரினா! பச்சடில உப்பு எங்க?”

ஜரினா நிதானமாகத் திரும்பினார். “இது எம் மேல வந்த கோவமா, வேற யாரு மேலயாவது வந்ததா?”

ஜப்பார் நிஜமாகவே யோசித்தார். “இல்ல... இது உன் மேலதான்.”

“அப்பச் சரி” என்று சிரித்தபடியே உப்பு டப்பாவை எடுத்தார் ஜரினா.