அம்மாவை அடித்த ரேடியோ

எங்கள் வீட்டுக்கு ரேடியோ வந்தபோது நான் இரண்டாம் வகுப்பு. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீதியில் அதற்கு முன்னால் ரேடியோ வைத்திருந்தவர்கள் மிகச் சொற்பம். அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. திருச்சி தெப்பக்குளம் பக்கத்துக் கடையில் வாங்கி, குதிரை வண்டியில் மடியில் வைத்துக்கொண்டே வந்தார். பாலத்தில் வண்டி குலுங்கிய இடத்திலெல்லாம் பெட்டியைக் கட்டி அணைத்துக்கொண்டாராம். பெற்ற பெண்ணைக்கூட இப்படி அணைத்ததில்லை என்று சொல்லி அம்மா சிரித்தாள். அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசி அம்மா சிரித்தது அதோடு சரி.

மரப் பெட்டி. முகத்தில் துணி ஒட்டியிருக்கும். கீழே இரண்டு திருகு, திருகைச் சுற்றிப் பித்தளை வளையம். திருகினவுடனே பேசாது, உள்ளே சூடேறித்தான் பேசும். அதனால் காலைச் செய்திக்கு, அப்பா திருமண் இட்டுக்கொண்டு வருவதற்குள் அம்மா அதைத் திருகி வைக்க வேண்டும் என்று ஏற்பாடு. அம்மா கிணற்றடியில் குளித்துவிட்டு, ஈரம் சொட்ட, மடிப்புடவை உடுத்தப் போகிற வழியில் திருகுவாள்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அம்மா திருகில் கை வைத்தவள் "ஐயோ" என்று கையை உதறிக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டாள்.

"என்னமோ கடிச்சுடுத்து" என்றாள்.

தேள்தான் என்று அப்பா பெட்டியை நகர்த்தி, மேஜைக்கு அடியில் குனிந்து, விளக்குமாற்றால் தட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. பிறகு தானே திருகினார். செய்தி வந்தது. அப்பாவுக்குக் காலில் ஆணி உண்டு, வெறுந்தரையில் நடந்தால் குத்தும். அதனால் வீட்டுக்குள் மரப் பாதக்குறடு போட்டுக்கொண்டு டக் டக்கென்று நடப்பார். அந்த டக் டக்கோடு வந்து நின்று, திருகைப் பிடித்தபடி, "பார், என்னை ஒண்ணும் பண்ணலையே" என்றார்.

மறுநாளும் அம்மாவை அடித்தது. அதற்கு அடுத்த நாளும் அடித்தது. சில நாள் அடிக்காது. அப்படி அடிக்காத நாள்தான் அம்மாவுக்கு வினையாகப் போனது.

எங்களோடு அத்தை இருந்தாள், அப்பாவின் அக்கா. சிறு வயதிலேயே கைம்பெண்ணாகி வந்தவள், மடி ஆசாரம் அதிகம். கடையிலிருந்து வந்த வஸ்து என்று அந்தப் பெட்டிப் பக்கமே போகமாட்டாள். தூரத்தில் உட்கார்ந்து கச்சேரி மட்டும் கேட்பாள். அவள்தான் முதலில் சொன்னாள்:

"ஏண்டா, நோக்கு ஒண்ணும் பண்ணாதது அவளை மட்டும் எப்படிடா அடிக்கும்? ரேடியோவுக்கு ஆள் தெரியுமோ?"

எனக்கு அம்மாவின் கை துள்ளியதைப் பார்த்த நினைவு அப்படியே இருந்தது. பேச எப்போதும் கூச்சப்படுகிறவள் நான். அன்றைக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "நிஜமாவே அடிக்கறதுப்பா, நான் பார்த்தேன்" என்றேன்.

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சரியாப் போச்சு. அவளுக்குப் பிடிச்சது இதுக்கும் ஒட்டிண்டுடுத்து" என்றாள். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

அப்பா பெட்டியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். கடைக்காரர் பலகை மேல் நின்றபடி அரைமணி நேரம் அதைப் பாட வைத்தார். குலுக்கினார், தட்டினார், திருகினார்.

"சாமி, தங்கமாப் பாடுது. வீட்ல பொம்பளைங்களுக்குப் புது சாமான்னா கொஞ்சம் பயம் இருக்கும்ங்க. எங்க வீட்டம்மா மிஷின்ல தைக்கவே ஒரு வருஷம் பயந்தாங்க" என்று சிரித்தார்.

அப்பாவும் சிரித்தார். திரும்பி வரும்போது வண்டியில் சிரிக்கவில்லை.

அம்மா மாறிக்கொண்டே வந்தாள். விடிகிறது என்றாலே அவள் முகம் வெளுத்துப்போகும். கூடத்தைத் தாண்டுகிறபோது சுவரோரமாக நடப்பாள். ஒரு நாள் அப்பா பின்னாலிருந்து "ரேடியோ" என்று சொன்னதற்கே பால் பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டாள். பால் கூடம் முழுக்க ஓடியது. அத்தை அதை ஒதுங்கி நின்று பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்: "குணசீலம் அழைச்சுண்டு போயிடலாம்டா."

குணசீலம் எங்களுக்குத் தெரியாத ஊர் இல்லை. ஆற்றைத் தாண்டிப் போனால் பெருமாள் கோயில். மனசு சரியில்லாதவர்களை அங்கே கொண்டுபோய் ஒரு மண்டலம் வைத்திருந்து, முகத்தில் தீர்த்தம் அடிப்பார்கள். குணமாகித் திரும்பினவர்கள் எத்தனையோ பேர். ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சொன்னதுதான். அங்கே அழுகிறவர்களை யாரும் தேற்றமாட்டார்கள் என்றும், சில பேரை அப்படியே விட்டுவிட்டு வந்துவிடுவார்கள் என்றும் சொன்னார்கள். அம்மாவை விட்டுவிட்டு வந்தால் எனக்குத் தலை பின்னுவது யார் என்று நான் யோசித்தேன். அதற்கு மேல் யோசிக்கப் பயமாக இருந்தது.

அத்தை ஒரு துணி மூட்டையில் அம்மாவின் இரண்டு புடவையைக் கட்டி, பக்கத்தில் கூஜாவை வைத்தாள். நான் கூஜாவின் மூடியை எடுத்து அரிசிப் பானைக்குள் புதைத்தேன். மூடி இல்லாமல் பிரயாணம் போக மாட்டார்கள் என்பது என் எண்ணம். அத்தை மூடியை இரண்டு நாள் தேடினாள். மூன்றாம் நாள் அரிசி களையும்போது அகப்பட்டது. "மூடியைக் கொண்டுபோய் அரிசியில வச்சிருக்கா பாரு" என்று அதையும் அம்மா கணக்கில் சேர்த்துவிட்டாள். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு தானே மூடியை எடுத்துக் கூஜாவை மூடினாள்.

அப்பா நியாயஸ்தர். கடைக்காரன் பேச்சை மட்டும் நம்பி முடிவு செய்யக்கூடாது என்று, ரேடியோ செய்த கம்பெனிக்கே எழுதிப் போட்டிருந்தார். பழுது இருந்தால் வேறு தருவதாக அவர்கள் வாக்குக் கொடுத்திருந்தார்களாம். மெட்ராஸிலிருந்து அவர்கள் மனுஷர் ஒருவர் திருச்சிக் கடைகளைப் பார்க்க வருகிறார், நேரில் வந்து பார்ப்பார் என்று பதில் வந்தது.

"அவரும் ஒண்ணும் இல்லேன்னு சொல்லட்டும். அப்பறம் சனிக்கிழமை கிளம்பிடலாம்" என்றார் அப்பா. அம்மா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் வெள்ளிக்கிழமை காலையில் வந்தார். முழுக்கால்சட்டை, பளபளவென்று கறுப்பு பூட்ஸ். வாசலிலேயே அப்பாவிடம், "கடையில டெஸ்ட் பண்ணிப் பாத்துச் சொல்லிட்டாங்க சார், செட்ல குறையில்லைன்னு. நீங்க எழுதினதால வந்தேன்" என்றார். முடிந்தது, நாளைக்கு அம்மா இருக்கமாட்டாள்.

பெருமாள் எழுந்தருளியிருக்கிற வீடு. பூட்ஸோடு உள்ளே வர முடியுமா? வாசலை ஒட்டிய ரேழியில் கழற்றினார். வெளியிலிருந்து வருகிறவர்கள் கால் அலம்பிக்கொண்டுதான் கூடத்துக்கு வர வேண்டும். அம்மா என் கையில் சொம்புத் தண்ணீரைக் கொடுத்தனுப்பினாள். அவர் அலம்பிக்கொண்டு, துடைத்துக்கொள்ளத் துணி கேட்கவும் கூச்சப்பட்டு, ஈரக்காலோடு வந்தார். வெள்ளிக்கிழமையாதலால் தரையும் அப்போதுதான் மெழுகித் துடைத்து ஈரமாக இருந்தது.

"எது சார், இந்தத் திருகா?" என்று பேசிக்கொண்டே கை வைத்தார்.

அந்தப் பெரிய மனுஷர் துள்ளிப் பின்னால் போய்த் தூணில் மோதிக்கொண்டார். கையில் வைத்திருந்த தோல் பை எங்கோ விழுந்தது. உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த பிளக்கை வெடுக்கென்று பிடுங்கினார்.

"உள்ளே ஒயர் அப்பப்ப இரும்பைத் தொட்டுக்கிட்டிருக்கு சார். பெரிய ஆபத்து. யாரும் இதைத் தொடவேண்டாம்" என்றார்.

"என்னை ஒரு நாளும் அடிச்சதில்லையே" என்றார் அப்பா.

அவர் அப்பாவின் காலைப் பார்த்தார். "மரக்கட்டை போட்டிருந்தா தெரியாது சார். கழட்டிட்டு, காலை நனைச்சுக்கிட்டு ஒரு தரம் தொட்டுப் பாக்கறீங்களா? பிளக்கைச் சொருகறேன்."

அப்பா தன் பாதக்குறட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "வேண்டாம். நீங்க சொன்னா சரிதான்" என்றார்.

"நான் அன்னிக்கே சொல்லலையாடா, இந்த வஸ்து ஆத்துக்கு ஆகாதுன்னு" என்றாள் அத்தை.

பெட்டியைத் தாமே எடுத்துக்கொண்டு போய், வேறு பெட்டி அனுப்புவதாகச் சொல்லி அவர் கிளம்பினார். சொன்னபடியே பிற்பாடு அனுப்பவும் செய்தார். கிளம்புகிறபோது ரேழியில் உட்கார்ந்து பூட்ஸுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அப்போது அம்மா கதவுக்குப் பின்னால் வந்து நின்று, என்னை இழுத்து, என் காதில் சொன்னாள்:

"எதுவரைக்கும் வலிச்சதுன்னு அவரைக் கேளு."

அந்நிய மனுஷரிடம் பேச எனக்குக் கூச்சம். எப்படியோ கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் கதவைப் பார்த்துச் சொன்னார்.

"தோள் வரைக்கும் ஏறிச்சும்மா. பல்லெல்லாம் கூசிப்போச்சு. நீங்க எப்படித் தினமும் தாங்கினீங்களோ."

"ஆமாம், பல்லும் கூசும்" என்றாள் அம்மா, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

பிறகு உள்ளே போய், அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பயந்துகொண்டிருந்த நாளில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், எல்லாம் சரியான பிறகு அப்படி அழுததைப் பார்த்து எனக்கு மறுபடியும் பயம் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் போகத் தைரியமில்லாமல் அடுப்படி வாசற்படியிலேயே நின்றேன். பாவம், அந்த மனுஷருக்கு ரொம்ப வலித்திருக்கிறது, அதுதான் அம்மாவுக்குத் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.