காலில் மூன்று மருதாணிப் புள்ளிகள்

ரெய்டு போய்த் திரும்பும்போது என் இடது முட்டியில் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. யாரும் என்னைத் தொடவில்லை. நானே திரும்பினேன், நானே விழுந்தேன். கபடி ஆடுகிறவளுக்கு இதைவிட அவமானம் வேறில்லை.

முன் சிலுவைத் தசைநார் (முட்டிக்குள் தொடையெலும்பையும் காலெலும்பையும் பிடித்து வைத்திருக்கும் நார்) அறுந்திருந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. ஒன்பது மாதம் கழித்து, ஆடலாமா என்று பார்க்கப் பக்கத்து ஊரான வேங்கிக்காலில் ஒரு பிசியோதெரபி மையத்துக்குப் போனேன். மாவட்ட அணித் தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

இடுப்பு, முட்டி, கணுக்கால் மூன்றிலும் வெள்ளைப் பொட்டு ஒட்டுவார்கள். ஓடிவந்து இடது காலை ஊன்றிச் சட்டென்று வலப்பக்கம் திரும்ப வேண்டும். ஊன்றிய முட்டி எவ்வளவு உள்ளே சாய்கிறது என்று கேமரா படத்தை வைத்துக் கணினி சொல்லும். அதிகம் சாய்ந்தால் நார் மறுபடியும் அறுந்துபோகலாம்.

திங்கட்கிழமை 'நார்மல்' என்று வந்தது. கோச் அந்தத் தாளை வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டார். வியாழக்கிழமை அதே கால், அதே அறை. முட்டி ஏகத்துக்குச் சாய்வதாக வந்தது.

"பயந்துனு ஓடினா அப்பிடித்தான் வரும்," என்றார் பிசியோ மேடம், போனைப் பார்த்தபடி.

"பயமெல்லாம் இல்லீங்க மேடம். அன்னிக்கி நீங்க ஒட்டுனீங்க, மெதுவா ஓடச் சொன்னீங்க. இன்னிக்கி வேற அக்கா ஒட்டுனாங்க. முட்டிப் பொட்டு ரெண்டு விரல் தள்ளி இருக்கு."

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஜாக்கெட் தைக்கிற டெய்லர்கூட டேப்பை எங்கே வைக்கிறோம் என்று பார்ப்பார். மேடம் எலும்பைத் தொட்டுப் பார்த்து, சரியான மூன்று இடங்களில் பேனாவால் குறித்துக் கொடுக்கும்வரை நான் அங்கிருந்து நகரவில்லை.

குறி அழிவதற்குள் அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டில் அம்மா அதன்மேல் மருதாணி கோனால் புள்ளி வைத்தார். "கல்யாணப் பொண்ணுக்குக்கூட இங்கெல்லாம் வெக்க மாட்டாங்கடி," என்று திட்டிக்கொண்டேதான் வைத்தார்.

அடுத்த மூன்று முறையும் அந்தப் புள்ளிகள் மேலேயே பொட்டு ஒட்டி, ஒரே வேகத்தில் ஓடவிட்டார்கள். மூன்று அளவும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தன. மூன்றும் மோசம். திங்கட்கிழமைத் தாள்தான் பொய். அது நிஜமாக இருக்க வேண்டும் என்றுதான் நான் அத்தனை சண்டை போட்டிருந்தேன். வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன்.

கோச் அசரவில்லை. "மத்தத யாரு கேக்கப் போறா? மொதத் தாளையே குடுத்துடலாம். ஒரு மேட்ச் தாங்காதா உன் காலு?"

"அத இப்பிடிக் குடுங்க சார்."

வாங்கி நான்காகக் கிழித்தேன்.

"இனிமே எந்த செலக்‌ஷனுக்கும் உன்னக் கூப்பிட மாட்டேன்," என்றார். கூப்பிடவும் இல்லை.

உங்கள் முட்டியையும் ஒரே ஒருமுறை அளந்துவிட்டுத் தாளை நீட்டுவார்கள். பொட்டை யார் ஒட்டினார்கள், எங்கே ஒட்டினார்கள், மறுபடி அளந்தால் இதே அளவு வருமா என்று கேளுங்கள். முறைப்பார்கள். முறைக்கட்டும்.

தேர்வு முடிந்துவிட்டது. என் இடத்தில் வேறொருத்தி ரெய்டு போகிறாள். அவளை எனக்குப் பிடிக்கவில்லை. பௌர்ணமிக் கிரிவலக் கூட்டத்தில் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால், முன்புபோல நான் சுழன்று திரும்புவதில்லை. நின்று, சிறு சிறு அடியாக எடுத்து வைத்து, முழு உடம்போடு திரும்புகிறேன். அதற்குள் கூப்பிட்டவர் கடந்து போய்விட்டிருப்பார்.

நாட்களை இப்போது காலில்தான் எண்ணுகிறேன். கணுக்கால் புள்ளி மறுபடியும் வெளுத்துவிட்டது, முட்டிப் புள்ளி பாதி இருக்கிறது. அடுத்த முறை அளக்கும்வரை இடம் மாறக் கூடாது.

"கால நீட்டுடி," என்கிறார் அம்மா, புதுக் கோனின் நுனியை வெட்டியபடி.