மாமனாருக்கு ஒரு பரீட்சை

எண்பதுகளின் தொடக்கத்தில், மட்டாஞ்சேரி வீட்டில், ஒருநாள் காலைக் காப்பியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டேன். மாமனார் ஒரு வார்த்தை சொல்லாமல் முழுவதையும் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். என் காப்பியை வாயில் வைத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

டிகாஷன் கொஞ்சம் நீர்த்தாலே தெருவுக்குக் கேட்கப் பேசுகிறவர் அவர். மிளகுக் கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மெல்ல மெல்லப் பேச்சுக் குறைந்தது. அப்புறம் மறதி வந்தது. காய் வாங்கப் போனவர் எதற்கு வந்தோம் என்று கடை வாசலில் நிற்பார்.

"வயசாயாச்சோல்லியோ, இனி இப்படித்தான்" என்றார் களமசேரி ஃபாக்டரியில் ஷிப்டு பார்த்த என் கணவர். எனக்கு மனசு கேட்கவில்லை. டாக்டரிடம் காட்டலாம் என்று மாமனாரிடமே சொன்னேன்.

"மறதிக்கு மருந்து உண்டோ?" என்றார் மாமனார்.

"இல்லைன்னு டாக்டர் சொல்லட்டும்ப்பா. போட்டில போய்ட்டு வரலாம், வாங்கோ."

படகேறிப் போன எறணாகுளத்தில் மனநல டாக்டர் ஒரு மலையாளி அம்மாள். இன்று என்ன கிழமை என்று கேட்டார்.

"அறியில்லா" என்றார் மாமனார்.

என்ன மாசம்? அதுவும் தெரியாதாம். எனக்குத் தாங்கவில்லை. மெதுவாக, "கர்க்கடகம்" என்று முணுமுணுத்தேன்.

டாக்டர் சிரித்துவிட்டார். "பரீட்ச மோளுக்கல்ல, அச்சனாக்கும்."

பரீட்சை அவருக்குத்தானே, எனக்கில்லையே என்று வாயைப் பொத்திக்கொண்டேன். அடுத்து ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். மாமனார் பென்சிலைத் தொடவே இல்லை. டாக்டர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். வெகுநேரம் கழித்து மாமனார் வட்டம் போட்டு, எண்களை எழுதி, முட்களையும் சரியாக வரைந்தார். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

ரத்தப் பரிசோதனையும் முடிந்து மறுமுறை போனபோது டாக்டர் விளக்கினார். மறதி நோய்க்காரர் பெரும்பாலும் எதையாவது சொல்லிச் சமாளிக்கப் பார்ப்பாராம். இவரோ முயன்று பார்க்காமலே தெரியாது என்கிறார். "மறதியல்ல, மனசு சோர்ந்து கிடக்கிறது. டிப்ரஷன். மருந்து உண்டு."

மாமனார் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "அப்போ எனக்குப் பைத்தியமில்லையா?"

"இல்லவே இல்லை" என்றார் டாக்டர். மாமனாருக்குள் இப்படி ஒரு பயம் இருந்தது அதுவரை எனக்குத் தெரியாது.

மாத்திரை உடனே ஒன்றும் செய்துவிடவில்லை. சில வாரம் தூங்கித் தூங்கி விழுந்தார். பிறகு ரேடியோவை அவரே திருகினார். ஒருநாள் என் ரசத்தைக் குறை சொன்னார். நான் சந்தோஷத்தில் இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

அந்த வருஷக் கடைசியில் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, போட்டில் பக்கத்திலிருந்த ஒரு மலையாளிச் சேட்டனோடு அரசியல் பேச ஆரம்பித்தவர், எங்கள் துறைக்கு முன்னாலேயே ஐலண்டு ஜெட்டியில் அவரோடு பேசிக்கொண்டே இறங்கிவிட்டார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே குதித்தேன். போட்டு எங்களை விட்டுவிட்டுப் போயிற்று.

"மறந்துட்டேன்னு நினைக்காதே கேட்டியா" என்றார் மாமனார். "பேச்சு அவ்வளவு நன்னா இருந்தது."

அடுத்த போட்டு வர நேரமிருந்தது. அந்தச் சேட்டனே எங்களுக்குச் சாயா வாங்கிக் கொடுத்தார்.