மோரா மினாவின் குட்டி நாற்காலி

புவெனஸ் அயர்ஸின் வில்லா கிரெஸ்போ பேட்டையில் இன்று தலை நிமிர்ந்து நடக்கிற யூதர்கள் அத்தனை பேருக்கும் மூக்குச் சிந்தக் கற்றுக்கொடுத்தவள் மினா கோத்லர், பிள்ளைகளுக்கு மோரா, அதாவது டீச்சர். சரி, அத்தனை பேருக்கும் என்றால் கூட்டித்தான் சொல்கிறேன். எங்கள் சங்கத்து மழலையர் பள்ளியில் படித்தவர்களோடு, பின்தெரு ஆர்மீனியர் வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டால் பாதிப் பேர் தேறுவார்கள்.

அவள் துடைத்த மூக்குகளில் ஒன்று விவியானா ரோத்மனுடையது. அந்த மூக்கு வளர்ந்து பல் டாக்டராகி, பெற்றோர் குழுவுக்குத் தலைவியும் ஆனது. அதற்குப் பிறகு அது தரையைப் பார்த்து யாரும் கண்டதில்லை.

வெள்ளிக்கிழமை நண்பகல்தான் மினாவுக்கு வாரம். மற்ற நாளெல்லாம் அதற்கு வாசற்படி. அன்று மாலை பிறக்கும் ஓய்வுநாளான சப்பாத்தை வரவேற்க, பள்ளியின் எல்லா வகுப்புகளும் கூடத்தில் கூடும். ஒரு பொடிசு சப்பாத் அம்மா, ஒரு பொடிசு சப்பாத் அப்பா. பின்னல் ரொட்டியும் திராட்சைச் சாறும் நடுவில் இருக்க, மோரா மினா விளக்கேற்றிவிட்டு, தன் தாய் போலந்திலிருந்து கப்பலில் கொண்டுவந்த மெட்டில் பாடுவாள். நத்தை நகர்கிற மாதிரி நகரும் அந்த மெட்டு. பிள்ளைகள் அதற்கு ஆடாமல் அசையாமல் நிற்பார்கள். நின்றபடியே தூங்கியவர்களும் உண்டு. அதை மினா பக்தி என்று எடுத்துக்கொள்வாள்.

டிசம்பரில், ஹனுக்கா பண்டிகை விருந்தோடு நடந்த ஆண்டு முடிவுக் கூட்டத்தில் விவியானா எழுந்தாள்.

"மோரா மினா மேல எனக்கு எவ்வளவு பிரியம்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா வெள்ளிக்கிழமைப் பாட்டைக் கேட்டா எழவு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு. பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் உயிர் வேணாமா? இனிமே பாட்டு வாத்தியார் யொனி கிதாரோட நடத்தட்டும். மோரா சின்னதுங்க வகுப்பைப் பார்த்துக்கட்டும்."

கூடம் சிரித்தது. மினாவின் வாயில் அப்போது ஜாம் வைத்த பண்டிகை உருண்டை ஒன்று முழுசாக இருந்தது. அவள் அதை விழுங்கி முடிப்பதற்குள் எல்லோரும் கையைத் தூக்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை போனதைவிட, பதில் சொல்ல வாய் காலியாக இல்லாமல் போனதுதான் அவளை அறுத்தது.

எங்கள் ஊரில் ஜனவரிதான் கோடை. விடுமுறைக்கு மினா மார் தெல் பிளாத்தா போனாள். கடற்கரையில் ஊரே எண்ணெய் தடவிக்கொண்டு படுத்திருந்தபோது, மினா கோபத்தைத் தடவிக்கொண்டு படுத்திருந்தாள். அவள் புரண்ட பக்கமெல்லாம் மணல் கருகியது என்று சொல்வார்கள்.

மார்ச்சில் பள்ளி திறந்தது. சின்னதுகள் வகுப்பின் வாசலில் முதல் ஆளாக விவியானா நின்றாள். இடுப்பில் இரண்டு வயது ஊரியேல்.

மினாவுக்குக் கடவுள்மேல் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. அன்று காலை கொஞ்சம் வந்தது.

புதுப் பிள்ளைகள் பழகும் வாரங்களில் தாயோ தகப்பனோ வகுப்பில் கூடவே உட்கார வேண்டும். பாட்டியும் ஆயாவும் செல்லாது. கைப்பேசி கூடாது. பிள்ளை பழகிவிட்டது என்று மோரா தன் வாயால் சொல்லும்வரை நகரக் கூடாது. இந்தச் சட்டத்தை மேசையைத் தட்டிக் கொண்டுவந்தவளே விவியானாதான், மூத்த மகள் சேர்ந்த வருஷத்தில், மற்ற அம்மாக்களுக்காக. அவள் கணவனோ வாரம் முழுக்க ரொசாரியோவில் வேலை.

"வா விவி. உக்காரு" என்று பிள்ளைகளின் நாற்காலி ஒன்றை நகர்த்தினாள் மினா.

"பெரிய நாற்காலி எதுவும் இல்லையா, மோரா?"

"எழவு வீட்டுல யாராவது உசந்து உக்காருவாங்களா? தாழத்தான் உக்காரணும்."

எங்கள் ஜனத்தில் துக்கம் காக்கிறவர்கள்தான் அப்படித் தாழ உட்காருவார்கள். மற்றவர்கள் விளையாட்டுக்குக்கூட உட்கார மாட்டார்கள். விவியானாவின் முகம் வெளிறியது. ஆனாலும் உட்கார்ந்தாள். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

ஊரியேல் நுழைந்த கணமே பழகிவிட்டான். மரக்கட்டைகளை அடுக்கினான், சரித்தான், பக்கத்துப் பெண்ணின் பிஸ்கட்டைத் தின்றான். தாய் என்று ஒருத்தி வந்திருப்பதே அவன் நினைவில் இல்லை.

மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் ஒவ்வொருவராக விடுதலையானார்கள். தொண்டை கிழியக் கத்திய பிள்ளையின் தாய்கூட, மினா தோளில் தட்டிக் கொடுக்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். விவியானா மட்டும் இருந்தாள். கிளினிக்கில் பாதிப் பல்லோடு பேட்டையே வாயைத் திறந்து காத்திருந்தது. திறந்த வாய்களில் ஒன்றில் புறா கூடு கட்டிவிட்டதாகக்கூடப் பேச்சு.

"அவன் என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல, மோரா. அழவே இல்ல."

"அதாம்மா எனக்குக் கவலை. உள்ளுக்குள்ள அழுறான். வெளிய அழுறதைத் துடைச்சிடலாம், உள்ள அழுறதை யாரு துடைக்கிறது?"

"கிளினிக்கை ஒரு தடவை போய்ப் பாக்கட்டுமா? அரை மணி நேரம் மட்டும்."

"தாராளமாப் போ. சட்டத்தை நீயே மீறினேன்னு குழுவுல நீயே சொல்லிடு."

பூரிம் பண்டிகை வந்தது. எங்கள் ஜனத்தைக் கூண்டோடு அழிக்கப் பார்த்த ஆமான் என்ற பாரசீக மந்திரியின் கதையை அன்று நடித்துக் காட்டுவது வழக்கம். அவன் பேர் வரும்போதெல்லாம் கிலுகிலுப்பையை ஆட்டி, காலைத் தரையில் அடித்து, அந்தப் பேரே காதில் விழாதபடி செய்ய வேண்டும். வகுப்பில் இருக்கும் பெற்றோர்தான் வேஷம் கட்டுவார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு தாய்.

மினா ஆமானின் முக்கோண அட்டைத் தொப்பியை விவியானாவின் தலையில் தன் கையாலேயே மாட்டி, கரிப்பென்சிலால் மீசையும் வரைந்தாள். கொஞ்சம் அழுத்தியே வரைந்தாள்.

பள்ளி முழுதும் கூடத்தில் கூடியிருந்தது. குழு உறுப்பினர்கள் முன்வரிசையில். கதை வாசித்தவள் மினா. ஆமானின் பேர் கதையில் வருகிற இடங்கள் போதவில்லை என்று அவளுக்குத் தோன்றியதால், ஆமான் எழுந்தான், ஆமான் பல் துலக்கினான், ஆமான் கண்ணாடியில் மூக்கைப் பார்த்துக்கொண்டான் என்று தாராளமாகச் சேர்த்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் கூரை பெயர்கிற சத்தம். எல்லோரையும்விட ஊக்கமாகக் கிலுகிலுப்பை ஆட்டியது ஊரியேல். தாயின் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றே ஆட்டினான்.

முடிந்ததும், ஆள் இல்லாத வகுப்பறையில் விவியானா தொப்பியைக் கழற்றினாள். மீசை கழலவில்லை.

"உங்களுக்கு என்னதான் வேணும்?"

"வெள்ளிக்கிழமை."

"இப்பப் போய் மாத்தினா குழுவுல என்னைப் பாத்துச் சிரிப்பாங்க."

"என்னைப் பாத்தும் சிரிச்சாங்க. நான் செத்தா போயிட்டேன்?"

"சரி. பள்ளி இயக்குநர்கிட்டத் தனியாப் பேசறேன்."

"தனியாவா? நீ தனியாவா சொன்னே? அதே கூடத்துல, அதே ஆளுங்க முன்னாடி, எழுந்து நின்னு சொல்லணும். இல்லேன்னா நாளைக்கு வந்து உக்காரு. பாவம் பிள்ளை, பெசாஹ் பண்டிகைக்குள்ள பழகிடுவான்னு எனக்குத் தோணல."

விவியானா சின்ன நாற்காலியைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றாள். "வெள்ளிக்கிழமை விஷயத்துல நான் அவசரப்பட்டுட்டேன். மோரா மினாவே நடத்தட்டும்" என்றாள். "இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லும்மா, பின்னால கேக்கல" என்றாள் மினா. அன்று அவள் எதையும் தின்னவில்லை. விவியானா உரக்கச் சொன்னாள். மறுநாள் காலையே ஊரியேல் பழகிவிட்டதாக அறிவிப்பு வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மினா விளக்கேற்றினாள். தாயின் மெட்டை எடுத்தாள். இன்னும் மெதுவாகப் பாடினாள். ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, கூடத்தின் கடைசியில் கைகட்டி நின்ற விவியானாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டே பாடினாள். யொனி கிதாரை உறையில் போட்டு மூடினான். பாட்டு முடிந்தபோது தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. விவியானா மேசைக்கு வந்து ரொட்டித் துண்டு ஒன்றை வாங்கிக்கொண்டு, "நல்ல சப்பாத், மோரா" என்றாள். மினா அவள் கன்னத்தைத் தட்டினாள். அத்தோடு எல்லாவற்றையும் மன்னித்துவிட்டாள்.

இவ்வளவு நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்து மாத்தே கஷாயத்தைக் குழலால் உறிஞ்சியபடி நான் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மினா, குழலை வாயிலிருந்து எடுத்தாள்.

"மன்னிச்சேன்னு யாரு சொன்னது? அவ மாசமா இருக்கா. அதுவும் என் வகுப்புக்குத்தான் வரணும்."